ரிக்டரைக் கேட்கத் தொடங்குபவர்களுக்கு

மேற்கத்திய சாஸ்திரிய இசையில் ஒரு பியானோ கலைஞரையாவது முறையாகக் கேட்டுப் பார்க்க வேண்டும் என்று யாராவது சொன்னால், நான் ஸ்வியாதொஸ்லாவ் ரிக்டரின் பெயரைத்தான் சொல்வேன். 1915 மார்ச் 20 அன்று, இன்று உக்ரைனில் இருக்கும் ஜித்தோமிர் நகரில் பிறந்தவர். 1997 ஆகஸ்ட் 1 அன்று மாஸ்கோவில் காலமானார். இடைப்பட்ட காலத்தில் பெரிய அரங்கம், சின்ன ஊர்ப் பள்ளிக்கூடம், பழைய தானியக் களஞ்சியம் என்று எங்கெல்லாமோ உட்கார்ந்து வாசித்தவர்.

பெயரைச் சொல்வது சுலபம். எங்கே தொடங்குவது என்பதில்தான் சிக்கல். அவருடைய ஒலிப்பதிவுகள் நூற்றுக்கணக்கில் கிடக்கின்றன. ஒரே படைப்பை ஐந்தாறு ஊர்களில், ஐந்தாறு வருடங்களில் வாசித்திருப்பார், எல்லாமே பதிவாகியிருக்கும். ஒன்றில் தீப்பறக்கும், இன்னொன்றில் அதே படைப்பு உறைந்து நிற்கும். புதிதாக வருபவர் எதையோ தொட்டு, அது பிடிக்காமல் ஒதுங்கிவிடுவது சகஜம்.

இந்தக் கட்டுரையின் ஒரே யோசனை இதுதான்: ரிக்டரைப் படைப்புப் பட்டியல் வைத்துக் கேட்காதீர்கள். எந்த ஊர், எந்த வருடம், எப்படிப்பட்ட மண்டபம் என்று பார்த்து, அவருடைய வாழ்க்கை போகிற போக்கிலேயே கேளுங்கள். ஸ்டூடியோவில் உட்கார்ந்து வாசிப்பது அவருக்குப் பிடிக்காத வேலை. ஆள்கள் எதிரில் இருந்தால்தான் அவருக்கு வாசிப்பு வாசிப்பாக இருந்தது. அதனால் அவருடைய நல்ல பதிவுகளில் பெரும்பாலானவை கச்சேரியில் எடுத்தவை. அவற்றில் தேதி என்பது அலங்காரத் தகவல் இல்லை, பாதி விளக்கமே அதில்தான் இருக்கிறது.

தேடுவதற்கு முன்

யூடியூபிலோ ஸ்பாட்டிஃபையிலோ வெறும் ‘ரிக்டர்’ என்று தேடினால் வேறு ஆட்கள் வந்து நிற்பார்கள். மாக்ஸ் ரிக்டர் இன்றைய இசையமைப்பாளர். கார்ல் ரிக்டர், பாக்கின் படைப்புகளை நடத்திய ஜெர்மானிய ஆர்கன் கலைஞர், இசை நடத்துநர். இருவரும் அவரவர் அளவில் நல்லவர்கள்தான், ஆனால் நமக்கு வேண்டியவர்கள் இல்லை. ஸ்வியாதொஸ்லாவ் என்ற முதற்பெயரையும் சேர்த்து, அதோடு ஊரையும் வருடத்தையும் போட்டு ஆங்கிலத்தில் தேடுங்கள். ‘ரிக்டர் சோஃபியா 1958’ என்பதுபோல. ஆங்கிலத்தில் அந்தப் பெயரை இரண்டு மூன்று விதமாக எழுதுவார்கள், ஒன்றில் கிடைக்காவிட்டால் அடுத்ததைப் போட்டுப் பாருங்கள்.

அப்புறம் சில சின்ன ஏற்பாடுகள். செயலியில் ஷஃபிளை அணைத்துவிடுங்கள். ஒரு பாட்டு முடியும்போதே அடுத்ததைக் கலந்து விடும் வசதி இருந்தால் அதையும் அணைத்துவிடுங்கள். பல படைப்புகளில் ஒரு பகுதி முடிந்ததும் அடுத்தது நிற்காமல் தொடரும், அந்த இடத்தில் செயலி கை வைத்தால் எல்லாம் கெட்டுவிடும். எல்லாப் பதிவுகளையும் ஒரே சத்த அளவுக்குச் சமன் செய்யும் வசதியும் வேண்டாம். ரிக்டர் சத்தம் குறைத்து வாசிக்கும் இடம் உண்மையிலேயே மெல்லியதாகத்தான் இருக்கும். ஆரம்பம் கேட்கவில்லையே என்று சத்தத்தைக் கூட்டினால் மூன்றாவது நிமிடத்தில் காது கிழியும். மின்விசிறிச் சத்தம்கூட அவருடைய சில தொடக்கங்களை விழுங்கிவிடும் என்பதால் இரவு நேரம் உத்தமம்.

இரண்டே இரண்டு சொற்கள் தெரிந்தால் போதும். சொனாட்டா என்றால் பெரும்பாலும் மூன்று, நான்கு பகுதிகள் கொண்ட படைப்பு, இங்கே பெரும்பாலும் பியானோ தனியாக வாசிப்பது. கான்செர்ட்டோ என்றால் ஆர்க்கெஸ்ட்ராவுடன் சேர்ந்து வாசிப்பது. மற்றதெல்லாம் கேட்கக் கேட்கப் பிடிபடும்.

படி 1: சோஃபியா, 1958 பிப்ரவரி 25

தொடக்கம் இங்கேதான். பல்கேரியத் தலைநகரில் நடந்த தனிக் கச்சேரி. குளிர்காலம், மண்டபம் நிறைய சளி பிடித்த ஜனம். இருமல் சத்தம் பதிவு முழுக்கக் கேட்கும், மோனோ பதிவு வேறு. அப்படியும் மேற்கு நாடுகளில் ரிக்டரின் பெயரைப் பரப்பிய பதிவுகளில் இது முக்கியமானது. ஹெட்போனில் கேட்டால் இருமல்காரர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதுபோல் இருக்கும். முதல்முறை ஸ்பீக்கரில் கேட்பது நல்லது.

அன்றைய கச்சேரியில் முக்கியமானது முசோர்க்ஸ்கியின் ‘ஒரு கண்காட்சியின் படங்கள்’. ஓவியரும் கட்டடக் கலைஞருமான விக்டர் ஹார்ட்மன் இறந்தபிறகு அவருடைய படங்களைக் கண்காட்சியாக வைத்தார்கள். நண்பரான முசோர்க்ஸ்கி அதைப் பார்த்துவிட்டு 1874இல் எழுதியது இது. ஒரு படத்திலிருந்து அடுத்த படத்துக்கு நடந்துபோகும் ‘உலாவல்’ என்ற மெட்டு இடையிடையே திரும்பி வரும். மொத்தம் அரை மணி நேரம். பிரெஞ்சு இசையமைப்பாளர் ரவேல் 1922இல் இதை ஆர்க்கெஸ்ட்ராவுக்கு மாற்றினார், உலகம் முழுக்கப் பிரபலமானது அந்த வடிவம்தான். ரிக்டருக்கு அது அறவே பிடிக்காது. பியானோவுக்கு எழுதியது பியானோவிலேயே முழுமையாக இருக்கிறது என்பது அவர் கட்சி. சோஃபியாப் பதிவைக் கேட்டால் நீங்களும் அந்தக் கட்சியில் சேர்ந்துவிடுவீர்கள் என்று நினைக்கிறேன்.

முதல் உலாவலைக் கவனியுங்கள். அலங்காரம் ஒன்றும் இல்லாமல், வேகமாக, கிட்டத்தட்ட கடுகடுப்பாக நடக்கிறார். ஆங்காங்கே விரல் தப்புவதும் கேட்கும். அதற்காக முகம் சுளிக்க வேண்டாம், அந்தத் துணிச்சலோடு வந்த விலை அது. கடைசியில் வரும் ‘கீவின் பெருவாயில்’ வரை நிறுத்தாமல் ஒரே மூச்சில் கேளுங்கள். அன்றே அவர் வாசித்த லிஸ்டின் ‘ஃபூ ஃபொலே’, அதாவது கொள்ளிவாய் வெளிச்சம், சில நிமிடங்களே ஓடும். பியானோவிலேயே மிகக் கடினமான உருப்படிகளில் ஒன்று. வலது கை இரட்டைச் சுரங்களில் மினுங்கிக்கொண்டே போக, சத்தம் மட்டும் கிசுகிசுப்பிலேயே நிற்கிறது. வேகம் இந்த வாசிப்பில் பெரிய விஷயமில்லை. அந்தக் கிசுகிசுப்பைக் கடைசிவரை பிடித்துவைத்திருப்பதுதான் பெரிய விஷயம்.

படி 2: ஒடெஸாவிலிருந்து மாஸ்கோ

சோஃபியா பிடித்துவிட்டதா? சரி, இப்போது ஆள் எங்கிருந்து வந்தார் என்று பார்க்கலாம். அப்பா தியோஃபில், ஜெர்மானிய வம்சாவளி, வியன்னாவில் படித்த பியானோ, ஆர்கன் கலைஞர். குடும்பம் கருங்கடல் ஓரத்து ஒடெஸாவில் வாழ்ந்தது. மகனுக்கு முறையான பயிற்சி என்று பெரிதாக ஒன்றும் இல்லை. ஸ்கேல் பயிற்சி செய்து விரல் பழக்குவதற்குப் பதிலாக, கையில் கிடைத்த ஓபரா நோட்டுகளைப் பியானோவில் வாசித்துத் தள்ளிக்கொண்டிருந்தான் பையன். பதின்ம வயதிலேயே பாடகர்களுக்கு உடன் வாசிக்கும் வேலைக்குப் போனார், பிறகு ஒடெஸா ஓபராவில் ஒத்திகைப் பியானோ கலைஞர். 1934இல் முதல் தனிக் கச்சேரி, முழுக்க ஷோபனின் படைப்புகள். ஓபரா நோட்டு முழுவதையும் பத்து விரலில் அடக்கிப் பழகியதால்தான் அவருடைய பியானோவில் பின்னாளில் ஒரு ஆர்க்கெஸ்ட்ராவே உட்கார்ந்திருப்பதுபோல் கேட்கிறது.

1937இல், 22 வயதில், மாஸ்கோ கன்சர்வேட்டரி என்ற இசைக் கல்லூரியில் பியானோ ஆசிரியர் ஹைன்ரிக் நெய்ஹவுஸிடம் போய் நின்றார். அந்த வயதில் மற்றவர்கள் படிப்பை முடித்துப் போட்டிகளுக்குப் போய்க்கொண்டிருப்பார்கள். கேட்டுவிட்டு நெய்ஹவுஸ் பக்கத்திலிருந்த மாணவியிடம், இவன் மேதை என்று நினைக்கிறேன் என்று கிசுகிசுத்தாராம். கன்சர்வேட்டரியில் அரசியல் பாடங்களுக்குப் போக மறுத்ததால் இருமுறை நீக்கப்பட்டார், ஆசிரியர்தான் திரும்ப இழுத்து வந்தார். தங்க இடமில்லாத நாள்களில் அவர் வீட்டுப் பியானோவுக்கு அடியில் படுத்துத் தூங்கியதும் உண்டு.

இந்தக் காலத்தை இசையாகக் கேட்க வேண்டுமானால் சோவியத் இசையமைப்பாளர் புரொகோஃபியெவின் ஏழாவது சொனாட்டாவைப் போடுங்கள். ரிக்டர் இதை நாலே நாளில் மனப்பாடம் செய்து, 1943 ஜனவரி 18 அன்று மாஸ்கோவில் முதல்முறையாக அரங்கேற்றினார். ஸ்டாலின்கிராட் போர் முடிய இன்னும் இரண்டு வாரம் இருந்தது. கூட்டம் கலைந்த பிறகும் இசைக்கலைஞர்கள் மட்டும் எழாமல் நின்று இன்னொருமுறை கேட்டார்கள், அவர் மறுபடி முழுதாக வாசித்தார். பின்னாளில் அவர் வாசித்த பதிவுகள்தான் நமக்குக் கிடைப்பவை, கச்சேரிப் பதிவு எது கிடைத்தாலும் சரி. மூன்றாவது பகுதியிலிருந்து தொடங்குங்கள். மூன்றரை நிமிடத்துக்கும் குறைவாக ஓடும். ஏழு எண்ணிக்கைத் தாளம். மிஸ்ர சாப்பு பழகிய காதுக்கு உடனே பிடிபடும், ஆனால் பிரிப்பு மூன்று-நான்காக இல்லாமல் இரண்டு-மூன்று-இரண்டு என்று போகும். கையால் தட்டிப் பாருங்கள். பலர் இதை முடிந்த அளவு வேகமாக ஓட்டுவார்கள். ரிக்டர் நடு மூன்றின் அழுத்தத்தை விடாமல் ஆணி அடிப்பதுபோல் அடிக்கிறார், பயம் அங்கிருந்துதான் வருகிறது.

இதே வருடங்களில் வீட்டில் நடந்ததையும் தெரிந்துகொள்ள வேண்டும். 1941 அக்டோபரில், ஜெர்மானியப் பெயருடையவர் என்பதால் எழுந்த உளவாளிச் சந்தேகத்தில், ஒடெஸாவில் அப்பாவைச் சோவியத் அதிகாரிகள் சுட்டுக் கொன்றார்கள். அம்மா போர் முடியும் தறுவாயில் ஜெர்மனிக்குப் போய்விட்டார். மகனுக்கும் அம்மாவுக்கும் இடையில் ஏறத்தாழ இருபது வருடம் விழுந்துவிட்டது. ரிக்டர் இதைப் பற்றி அதிகம் பேசமாட்டார். 1953 மார்ச்சில் ஸ்டாலினின் இறுதிச் சடங்குக்கு வாசிக்க அவரைத் திபிலிசியிலிருந்து, மலர்வளையங்கள் நிறைந்த ஒரு விமானத்தில் தனிப் பயணியாக ஏற்றி அனுப்பினார்கள். அங்கிருந்த பியானோவின் பெடல் வேலை செய்யவில்லை. அதைச் சரிசெய்யக் குனிந்து எதையோ அடியில் செருகியபோது காவலர்கள் குண்டு வைக்கிறாரோ என்று பயந்ததாக அவரே சொல்லியிருக்கிறார். புரொகோஃபியெவும் ஸ்டாலின் இறந்த அதே மார்ச் 5 அன்றுதான் இறந்தார் என்பதை இதோடு சேர்த்து வைத்துப் பாருங்கள்.

படி 3: ஆர்க்கெஸ்ட்ராவுடன் ஒரு மாலை

இங்கே ஒரே ஒரு பதிவு போதும்: ராக்மனினாஃபின் இரண்டாவது கான்செர்ட்டோ, வார்சா, 1959, நடத்தியவர் ஸ்தானிஸ்லாவ் விஸ்லோட்ஸ்கி. ஸ்டூடியோப் பதிவு பிடிக்காதவர் என்றேன், இது விதிவிலக்கு. தொடக்கத்தில் பியானோ தனியாக எட்டுத் தடவை கனமாக அடிக்கும், கோயில் மணி தூரத்திலிருந்து நெருங்கி வருவதுபோல் சத்தம் ஏறிக்கொண்டே போகும். ரிக்டர் அந்த எட்டு அடிகளை எடுத்துக்கொள்ளும் நிதானத்தைக் கேட்டால் ஆர்க்கெஸ்ட்ரா எப்போது உள்ளே வரும் என்று நமக்குப் பதற்றம் வந்துவிடும். இந்தக் கான்செர்ட்டோவை இனிப்பாகத்தான் வாசிக்க வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு இது நல்ல மருந்து.

மறு வருடம் அமெரிக்கா. அதற்குள் எமில் கிலெல்ஸ் போன்ற சோவியத் கலைஞர்கள் அங்கே போய்ப் புகழ் வாங்கியாயிற்று. கிலெல்ஸே, ரிக்டரைக் கேட்கும்வரை பொறுங்கள் என்று சொல்லிவிட்டு வந்திருந்தார். அம்மா ஜெர்மனியில் இருக்கிறார், ஆள் திரும்பி வருவாரோ மாட்டாரோ என்று அதிகாரிகளுக்குச் சந்தேகம், அதனால்தான் 45 வயது வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. 1960 அக்டோபர் 15 அன்று சிகாகோவில் பிராம்ஸின் இரண்டாவது கான்செர்ட்டோவுடன் அறிமுகமானார். அப்புறம் நியூயார்க் கார்னகி ஹாலில் அடுத்தடுத்துக் கச்சேரிகள். அம்மாவை மறுபடி சந்தித்ததும் அந்தப் பயணத்தில்தான். பிராம்ஸ் கான்செர்ட்டோவை சிகாகோ சிம்ஃபனியுடன் அப்போதே பதிவு செய்தார்கள். உலகமே மெச்சிய அந்தத் தட்டு அவருக்குப் பிடிக்கவே இல்லை. கேளுங்கள், ஆனால் அவசரமில்லை.

படி 4: ஷூபர்ட்டின் கடைசி சொனாட்டா

இந்த வழிகாட்டியில் அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இது. இதுவரை வந்தவர்கள் ரிக்டர் என்றால் இடிமுழக்கம் என்று எண்ணியிருக்கலாம். அந்த எண்ணம் இங்கே உடையும்.

ஷூபர்ட் 1828 செப்டம்பரில் இந்த பி-ஃப்ளாட் சொனாட்டாவை முடித்தார், நவம்பர் 19 அன்று 31 வயதில் இறந்துபோனார். பட்டியல் எண் டி 960, அந்த எண்ணைப் போட்டுத் தேடுவதுதான் எளிது. ரிக்டர் வாசித்ததில் 1964 ஆல்ட்பரா, 1972 பிராக் கச்சேரிப் பதிவுகளும், 1972 சால்ஸ்பர்க் ஸ்டூடியோப் பதிவும் உண்டு. எதையும் எடுத்துக்கொள்ளலாம்.

முதல் பகுதி மட்டுமே ஏறத்தாழ 24 நிமிடம். மற்ற கலைஞர்களிடம் இது பாதியை ஒட்டியும் வரும், முக்கால் பங்கிலும் வரும். இரண்டு காரணங்கள். ஒன்று, வேகம். ‘மிதமாக’ என்று ஷூபர்ட் எழுதியதை ரிக்டர் கிட்டத்தட்ட அசையாமை என்று எடுத்துக்கொள்கிறார். இரண்டாவது, திரும்ப வாசிக்கும் விஷயம். பகுதியின் முதல் மூன்றிலொரு பங்கு முடிந்ததும், தொடக்கத்துக்குப் போய் மறுபடி வாசி என்று நோட்டில் குறி இருக்கும். ஆல்ஃபிரட் பிரெண்டல் போன்ற பெரியவர்களே அதைத் தேவையில்லை என்று விட்டுவிடுவார்கள், அதற்கு வாதமும் வைத்திருக்கிறார்கள். குறியை மதிக்காதவர்களைக் கண்டால் ரிக்டருக்குக் கோபம் வரும்.

யார் சொல்வது சரி என்று நீங்களே முடிவு செய்ய ஒரு வழி இருக்கிறது. தொடக்கத்தில், அமைதியான மெட்டு வந்து சில நொடிகளில், இடது கைக் கோடியில், அடியில் எங்கோ ஒரு நடுக்கம் உறுமும். மிகமிக மெல்லியது, தவறவிடுவது சுலபம். முதல் கேட்பின்போது அதைத் தேடிப் பிடியுங்கள். திரும்பத் தொடக்கத்துக்குப் போவதற்குச் சற்றுமுன் ஷூபர்ட் ஒன்பது தாளக் கட்டங்கள் எழுதியிருக்கிறார். திரும்ப வாசிப்பவர்கள் மட்டுமே தொடக்கூடிய ஒன்பது கட்டங்கள் அவை. அங்கே அதே உறுமல் முழுச் சத்தத்தில் வெடிக்கும். வெடித்துவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல முதல் மெட்டு மறுபடி மெல்லத் தொடங்கும். அந்த இரண்டாவது வருகையில் மெட்டு அதே சுரங்கள்தான், ஆனால் அடியில் என்ன பதுங்கியிருக்கிறது என்று இப்போது நமக்குத் தெரியும். திரும்ப வாசிப்பதை விட்டால் இது மொத்தமும் போய்விடும். என் ஓட்டு ரிக்டருக்கு.

கனடாவின் பியானோ கலைஞர் கிளென் கூல்ட் 1957இல் மாஸ்கோவுக்குக் கச்சேரி செய்யப் போனவர், ரிக்டர் இதை வாசிப்பதைக் கேட்டார். ஷூபர்ட்டின் நீளத்தைத் தாங்கும் பொறுமை தனக்கு இல்லை என்று வெளிப்படையாகச் சொல்பவர் கூல்ட். அப்படிப்பட்டவர் அன்று மெய்மறந்து உட்கார்ந்திருந்ததாகப் பின்னாளில் சொன்னார்.

கேட்கும் முறை: முதல் நாள் முதல் பகுதி மட்டும். கூடவே வேறு வேலை வேண்டாம், கைபேசியைத் தள்ளி வையுங்கள். பத்தாவது நிமிடத்தில் சலிப்புத் தட்டினால் அது இயல்பு, அதைத் தாண்டினால்தான் மெதுவான வேகம் வேலை செய்யத் தொடங்கும். அப்போதும் ஒட்டவில்லையானால் விட்டுவிடுங்கள், சில மாதம் கழித்துப் பார்க்கலாம். கேட்டே ஆக வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்தவில்லை. ஒட்டியவர்கள் மறுநாள் இரண்டாவது பகுதியைக் கேளுங்கள். மூன்றும் நான்கும் அதற்குப்பின் லேசாகவே போகும்.

படி 5: பாக், தினம் இரண்டு

பாக்கின் ‘நன்கு பதப்படுத்திய விசைப்பலகை’ இரண்டு புத்தகங்கள், 48 பிரெலூட்-ஃபியூக் ஜோடிகள். பிரெலூட் என்பது முன்னோட்டம் மாதிரி. ஃபியூகில் ஒரு குரல் சொன்ன மெட்டை அடுத்தடுத்த குரல்கள் பிடித்துக்கொண்டு துரத்தும். ரிக்டர் இதை 1970 முதல் 1973 வரை சால்ஸ்பர்க்கில் பதிவு செய்தார். ஒரு மாளிகையில் எடுத்ததால் எதிரொலி சற்றுத் தூக்கல், சிலருக்கு அது ஆகாது. எனக்கு அந்தக் கூடத்தின் காற்றே பிடித்திருக்கிறது. ஆகாதவர்கள் 1973 இன்ஸ்ப்ருக் கச்சேரிப் பதிவைத் தேடலாம்.

ஒரே உட்காரலில் எல்லாவற்றையும் கேட்க முயலாதீர்கள். காலையில் இரண்டு ஜோடி போதும். முதல் புத்தகத்தின் முதல் பிரெலூட் உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்ததாக இருக்கும், எங்கெங்கோ விளம்பரத்தில் கேட்டிருப்பீர்கள். 22ஆவது ஜோடிக்கு, பி-ஃப்ளாட் மைனர், தனியாக ஒரு நாள் ஒதுக்குங்கள்.

பியானோ கற்றுக்கொள்பவர்களுக்கு ஒரு தகவல். ரிக்டர் புதிய படைப்பைப் படிக்கும் முறை மிகச் சாதாரணமானது. ஒரு பக்கத்தை எடுத்து, அது முழுதாகக் கைவரும்வரை அடுத்த பக்கத்தைத் தொடமாட்டார். கடினமான இடமானால் நூறு தடவை. தினம் மூன்று மணி நேரம்தான் பழகுவேன் என்று சொல்லிக்கொள்வார், கச்சேரி நெருங்கினால் அந்தக் கணக்கெல்லாம் நிற்காது.

படி 6: கூட வாசித்தவர்கள்

இதை வேகமாகக் கடக்கலாம். செல்லோ கலைஞர் ரொஸ்த்ரபோவிச்சுடன் அறுபதுகளின் தொடக்கத்தில் வாசித்த பீத்தோவன் சொனாட்டாக்கள் கட்டாயம் கேட்க வேண்டியவை. ஆங்கில இசையமைப்பாளர் பென்ஜமின் பிரிட்டனுடன் ஒரே பியானோவில் நான்கு கையாக வாசித்த ஷூபர்ட்டின் எஃப் மைனர் ஃபாண்டசியா அதைவிடவும் அருமை. இரண்டு பெரிய ஆள்கள் ஒருவரையொருவர் முந்தாமல் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது எப்படி என்பதற்குப் பாடம்.

ஒரு எச்சரிக்கை. பீத்தோவனின் மூவர் கான்செர்ட்டோ, 1969, பெர்லின். ரிக்டர், ரொஸ்த்ரபோவிச், வயலினுக்கு டேவிட் ஓய்ஸ்திராக், நடத்துபவர் கராயன். அட்டையில் இத்தனை பெயர்களைப் பார்த்ததும் எல்லோரும் முதலில் இதைத்தான் எடுப்பார்கள். ரிக்டருக்கு இந்தப் பதிவு கசப்பு. இன்னொருமுறை எடுக்கலாம் என்று கேட்டபோது, நேரமில்லை, புகைப்படம் எடுக்க வேண்டும் என்று கராயன் சொல்லிவிட்டாராம். அட்டைப்படத்தில் எல்லோரும் சிரித்துக்கொண்டிருப்பதைப் பார்க்கையில் இது நினைவுக்கு வரும்.

படி 7: விளக்கை அணைத்த பிறகு

1964இல் பிரான்சின் தூர் நகருக்கு அருகே, மெஸ்லே என்ற இடத்தில், 13ஆம் நூற்றாண்டுத் தானியக் களஞ்சியம் ஒன்றைப் பார்த்து மயங்கி, அங்கே ஒரு இசைவிழாவைத் தொடங்கினார். 1981இல் மாஸ்கோவின் புஷ்கின் அருங்காட்சியகத்தில் ‘டிசம்பர் இரவுகள்’ விழா தொடங்கியது. இரண்டு மூன்று வருடத்துக்கு முன்பே தேதி குறித்துக் கச்சேரி செய்வது அவருக்கு ஒத்துவராது. அடுத்த வாரம் இந்த ஊரில் வாசிக்கலாமா என்று கேட்டு, ஒரு தேவாலயத்திலோ பள்ளிக்கூடத்திலோ வாசித்துவிட்டுப் போவதே அவருக்குச் சந்தோஷம்.

1986இல், 71 வயதில், சைபீரியாவைக் காரில் கடந்து தூரக் கிழக்குவரை போய்த் திரும்பினார். ஆறு மாதம், சுமார் 150 கச்சேரிகள் என்பார்கள். இசைமண்டபமே இல்லாத ஊர்களும் அதில் உண்டு. கார்னகி ஹால் கூப்பிட்டால் தயங்கியவர் இதற்குத் தயங்கவில்லை. தொழில் வாழ்க்கை என்றால் மேலே மேலே ஏறுவது என்று நினைப்பவர்களுக்கு இது புரியாது.

எண்பதுகளிலிருந்து மண்டபத்தை இருட்டாக்கி, நோட்டின்மேல் மட்டும் ஒரு சிறு விளக்கை வைத்து வாசிக்கத் தொடங்கினார். நினைவாற்றல் தளர்ந்தது ஒரு காரணம். காது வேறு ஏமாற்றியது, சுரங்கள் உண்மையான இடத்திலிருந்து விலகிக் கேட்கத் தொடங்கின. ஆனாலும் அவர் சொன்ன முக்கியக் காரணம் வேறு: வாசிப்பவரின் முகத்தையும் கையையும் பார்ப்பது இசைக்கு உதவாது, நோட்டில் இருப்பதை உள்ளபடி வாசிப்பதே நேர்மை. இந்தக் காலப் பதிவுகளில் ஹைடன் சொனாட்டாக்களை எடுங்கள். வறண்டது என்று சிலர் ஒதுக்குவார்கள். சோஃபியாவில் கேட்ட அதே ஆள்தானா என்று ஆச்சரியமாக இருக்கும், அந்த ஆச்சரியத்துக்காகவே கேட்கலாம். 1995 மார்ச்சில் ஜெர்மனியின் லூபெக்கில் நடந்த கடைசிக் கச்சேரியிலும் ஹைடன் இருந்தார்.

எதைத் தேடி ஏமாறக் கூடாது

ஒரு முழுத் தொகுப்பைத் தேடாதீர்கள், பாக்கைத் தவிர அநேகமாகக் கிடைக்காது. பீத்தோவனின் 32 சொனாட்டாக்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கைத்தான் வாசித்தார். ‘நிலவொளி’ இல்லை, ‘வால்ட்ஸ்டைன்’ இல்லை. பீத்தோவன் கான்செர்ட்டோக்களில் நான்கும் ஐந்தும் இல்லை. ஷோபனின் 24 பிரெலூட்களில் பாதியோடு நிறுத்திக்கொண்டார். பிடித்ததை மட்டும் வாசித்தார், அவ்வளவுதான். அந்த இடங்களுக்கு வேறு கலைஞர்களிடம் போங்கள்.

ஆவணப்படம் பார்க்க விரும்பினால் புருனோ மான்சென்ஜான் 1998இல் எடுத்தது ஒன்று உண்டு, ஆங்கிலத்தில் ‘ரிக்டர்: தி எனிக்மா’. இரண்டரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. மேலே சொன்ன கதைகளில் பலவற்றை அதில் அவரே சொல்கிறார், மெலிந்த முதிய முகத்தோடு, ஒரு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து. மனம் சோர்ந்திருந்த காலத்தில் ஒரு பிளாஸ்டிக் சிங்கி இறாலை மேடைக்குப் போகும் வரை கூடவே வைத்திருந்த கதையும் அதில் வரும். ஆனால் முதல் நான்கு படிகளையாவது கேட்டு முடித்துவிட்டுப் பாருங்கள். முதலிலேயே பார்த்தால் அந்த முகம் ஒவ்வொரு பதிவிலும் வந்து உட்கார்ந்துவிடும்.

கேட்கும்போது ஒரு நோட்டில் தேதி, ஊர், படைப்பு, ஒரு வரி அபிப்பிராயம் எழுதி வையுங்கள். ரிக்டரும் தான் கேட்ட இசையைப் பற்றி வருடக்கணக்கில் அப்படிக் குறிப்பெழுதியவர். பிறரைவிடத் தன்னைப் பற்றித்தான் கடுமையாக எழுதினார். ஒரே படைப்பின் இரண்டாவது பதிவுக்கு வரும்போது அந்த ஒரு வரி கைகொடுக்கும்.

இதெல்லாம் முடிந்ததும் கிலெல்ஸிடம் போகலாம். நெய்ஹவுஸின் இன்னொரு மாணவர், அவரும் ஒடெஸாக்காரர். புரொகோஃபியெவின் எட்டாவது சொனாட்டாவை 1944இல் அரங்கேற்றியவர் அவர்தான். அதை முதலில் கிலெல்ஸ் வாசிப்பில் கேட்டுவிட்டு, பிறகு ரிக்டரின் பதிவைப் போடுங்கள்.